பூட்டக்காவும் 2E2 படுக்கையும்

பூட்டக்கா ஒரு நாளும் ஒரே தடவையில் ஆபீஸை விட்டுப் போனதில்லை. ஐந்தரை மணிக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு "வரேன்" என்பார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கும். கீழே பெயின்ட் கடை வாசல்வரை போய், அங்கே ஒரு கணம் நிற்கும். பிறகு அதே சத்தம் மேலேறி வரும். உள்ளே வந்து இழுப்பறைப் பூட்டை ஓர் இழு இழுத்துப் பார்ப்பார். கம்ப்யூட்டர் அணைந்துவிட்டதா என்று திரையை விரலால் தொட்டுப் பார்ப்பார். யார் முகத்தையும் பார்க்காமல் மறுபடி இறங்கிவிடுவார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் எங்களுக்கே சட்டென்று ஆள் பிடிபடாது.

நான்கு வருடம் அவருக்குப் பக்கத்து மேசை எனக்கு. உட்கார்ந்து செய்யும் வேலையை நின்றுகொண்டே செய்த ஒரே ஆளை அங்கேதான் பார்த்தேன். எழுதிய நிரலை ஓடவிட்டால் நாற்காலி தள்ளிப்போகும். எழுந்து சன்னலுக்குப் போவார், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து குடிக்காமலே மூடுவார், திரும்பி வந்து முடிவைப் பார்ப்பார். சரியாக வந்திருந்தால் முகம் இன்னும் கவலையாகும். தப்பு வந்தால்தான் நிம்மதியாக உட்காருவார். தப்பு கண்ணுக்குத் தெரிகிறதே, அந்த நிம்மதி.

எங்களுடையது ஐந்து பேர் கொண்ட சின்ன ஆபீஸ். நான்கைந்து இடங்களின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. அவற்றில் பெரியது ஓர் ஆஸ்பத்திரியின் பக்கம். அதைக் கட்டியவர் பூட்டக்கா. பத்தொன்பது வயதில் அதே ஆஸ்பத்திரியின் பதிவறையில் நோயாளிச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அண்ணன் பத்தாவதோடு நின்று மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் போனதால்தான் தங்கை பன்னிரண்டு வரை படித்தார். மிச்சத்தைப் பதிவறையில் உட்கார்ந்து தானாகவே கற்றுக்கொண்டார்.

பதிவறைக்கும் உறவினர்கள் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். கூடத்தில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். "நாற்பத்தோராம் படுக்கையின் உறவினர் சன்னலுக்கு வரவும்" என்று அது கரகரக்கும். யாரோ ஒருவருக்கான அழைப்புதான். ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஐம்பது நாற்காலிகள் கிறீச்சிடும். எல்லாரும் பாதி எழுந்து, தங்கள் எண் இல்லை என்று தெரிந்து, மறுபடி உட்காருவார்கள். பத்து வருடம் அந்தக் கிறீச்சைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவர், எங்கள் ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு பக்கம் எழுதினார். ஃபோனில் படுக்கை எண்ணைத் தட்டினால் ஒரு வரி வரும்: காத்திருப்பில், அறுவை அறையில், கண்காணிப்பு அறையில், வார்டில், வீட்டுக்கு அனுப்பப்பட்டார். டாக்டர் கூப்பிட்டால் அந்த வரிக்கு மேலே சிவப்புப் பட்டை வரும். ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டார்கள். சன்னலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்: 'நிலவரம் அறிய இங்கே கேட்க வேண்டாம். பக்கத்தைப் பார்க்கவும்.' வாசகமும் பூட்டக்காவுடையதுதான்.

இந்தப் பக்கம் பி.எச்.பி. என்ற மொழியில் எழுதப்பட்டது. அதில் ஃபங்ஷன் என்றால், கேள்வி கேட்டால் பதில் கொடுத்தனுப்பும் ஒரு சின்னத் துண்டு. பழைய பதிப்பில் அது என்ன பதிலை வேண்டுமானாலும் தரலாம். ஒரு நாள் எண், ஒரு நாள் எழுத்து, ஒரு நாள் ஒன்றுமே இல்லை. வாங்கிக்கொள்கிறவர் பாடு. அந்த வருடம் ஆஸ்பத்திரியின் சர்வரைப் புதுப்பித்தபோதுதான், தரும் பதில் எந்த வகை என்று முன்கூட்டியே அறிவித்துவிடும் வசதி எங்களுக்கு வாய்த்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி போட்டு இன்ட் என்று எழுதினால் முழு எண்தான் வரும். ஃப்ளோட் என்றால் புள்ளி வைத்த எண். ஸ்ட்ரிங் என்றால் எழுத்துக் கோவை. பூல் என்றால் ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

பூட்டக்காவுக்கு அது வரமாகத்தான் பட்டிருக்க வேண்டும். எத்தனையோ வருடம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவருக்கு, கதவுக்குக் கதவு பூட்டு போடலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் அவர் நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. முந்நூற்றுச் சொச்சம் ஃபங்ஷன்களுக்கும் வரிசையாக முக்காற்புள்ளி வைத்துக்கொண்டே போனார். மேனேஜர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு போட்டுடுங்க, கேட்ட கேள்விக்கு பதில் வரும்" என்றார். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் அந்த வீட்டுக்காரர் எதற்கும் ம் கொட்டுவதோடு சரி என்பது ஆபீஸ் அறிந்த விஷயம். பூட்டக்கா திரும்பாமலே, "அவர் காலியா வந்தாலும் பரவாயில்ல சார், தப்பா வர மாட்டார்" என்றார்.

அந்த வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. கோப்பின் தலையில் கண்டிப்பு வரி என்று ஒன்று எழுதலாம். எழுதினால், எண் தருவேன் என்று அறிவித்த துண்டு எழுத்தைத் தந்தால் பக்கம் அங்கேயே நின்று கத்தும். எழுதாவிட்டால், மொழியே முடிந்தவரை எழுத்தை எண்ணாக மாற்றி, சத்தமில்லாமல் அனுப்பிவைக்கும். பூட்டக்கா முதலில் கண்டிப்பு வரியோடுதான் எழுதினார். சோதித்தபோது முப்பது இடத்தில் பக்கம் நின்றது. ஒவ்வொன்றாகச் சரிசெய்ய இரண்டு வாரம் வேண்டும். மேனேஜர் தாடையைச் சொறிந்தபடி, பக்கம் நின்றால் ஆஸ்பத்திரி நம்மைத் தூக்கிவிடும் என்றார். பூட்டக்காவிடமும் இரண்டு வாரம் இல்லை. அடுத்த நாளிலிருந்து லீவு. அண்ணனுக்கு ஆபரேஷன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டியை ஓட்டிப் பார்க்காமல், ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்தே கோளாறைச் சொல்கிற மெக்கானிக் அவர். இரண்டு வருடமாக வலது காதில் சீழ். கேட்கும் சக்தி மங்கிக்கொண்டே போனது. பட்டறையில் வண்டியைச் சுற்றி வந்து இடது காதைக் காட்டப் பழகிக்கொண்டார். ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. ஊசியைப் பார்த்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே இரண்டு வருடத்தை ஓட்டினார். பூட்டக்கா வாரம் தவறாமல் போய் நச்சரித்து, அண்ணியை ஒரு பக்கம் முடுக்கிவிட்டு, கடைசியில் ஒருநாள், "சரி, ஒரு தடவை. ஒரே தடவை. அதோட என்னை விட்டுடணும்" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தார்.

லீவுக்கு முந்தின நாள் மாலை. பூட்டக்கா கண்டிப்பு வரியை நீக்கிவிட்டு, தன் சோதனைப் பட்டியலை எடுத்தார். அது அவர் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாள். பன்னிரண்டு படுக்கை எண்கள். 1A1, 3B4, 4D9 என்று மாடி, பிளாக், படுக்கை. அவற்றில் நான்கு பழைய எண்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் வெறும் எண்ணாக இருந்தவற்றைத்தான் இப்படி மாற்றினார்கள். ஆனால் வார்டு ஊழியர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் சீட்டில் பழைய எண்ணையே எழுதுகிறார்கள் என்பதால் பக்கம் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். பன்னிரண்டையும் தட்டிப் பார்த்தார். சரி. மறுபடி பன்னிரண்டையும் தட்டிப் பார்த்தார். சரி. பக்கத்தை ஆஸ்பத்திரி சர்வரில் ஏற்றினார். இறங்கினார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். அந்தத் தாளை நான்கு வருடமாகத் தினமும் பார்த்தவன் நானும்தான்.

மறுநாள் நடந்ததில் பாதியை அவர் சொன்னார், பாதியை அண்ணி சொன்னார். கொஞ்சத்தை ஃபோனில் நானே கேட்டேன்.

அண்ணனுக்குக் கிடைத்தது E பிளாக், இரண்டாம் மாடி, இரண்டாம் படுக்கை. 2E2. ஒன்பதே காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கடகடத்ததாம். அண்ணன் படுத்தபடியே நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பி, பேரிங் போய்விட்டது என்று வண்டி தள்ளுகிறவரிடம் சொல்லிக்கொண்டே போனாராம். அண்ணி அவருடைய ஃபோனை அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். இருவரும் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சரியாகச் சொன்னால் அண்ணி உட்கார்ந்தார். பூட்டக்கா கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

பத்து மணி தாண்டி ஐந்து நிமிஷம். அண்ணி தன் ஃபோனில் 2E2 என்று தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தாம்மா, உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாராம்."

பூட்டக்கா ஃபோனை வாங்கிப் பார்த்தார். வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதுதான் வந்திருந்தது. தன் ஃபோனில் தட்டினார். அதேதான்.

"ஓடிட்டாரோ?" என்றார் அண்ணி. சிரிக்கத்தான் சொன்னார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. "மயக்கம் குடுத்த ஆள் எப்படிம்மா வீட்டுக்குப் போவாரு? வேற ஏதாவதுன்னாலும் இப்படித்தான் போடுவாங்களா?"

அப்படியெல்லாம் போடமாட்டார்கள் என்று பூட்டக்காவுக்குத் தெரியும். அந்த ஐந்து வரிகளையும் எழுதியவரே அவர். நர்ஸ் யாரோ தப்பாக அழுத்தியிருக்க வேண்டும் என்று நினைத்தார். ஏழெட்டு வருடம் ஓடிய பக்கம். நேற்றுத்தான் இருபத்துநாலு தடவை தட்டிப் பார்த்த பக்கம். தன்மேல் சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருந்தவர், அந்த ஒரு தடவை மட்டும் வேறொருவரைச் சந்தேகப்பட்டார். சன்னலுக்குப் போனார். உள்ளே ஒற்றை நர்ஸ். இரண்டு ஃபோன், ஒரு கம்ப்யூட்டர், அடுக்கிய சீட்டுகள். பூட்டக்கா வாயைத் திறப்பதற்குள் நர்ஸின் பேனா சன்னல் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டியது. நோட்டீஸைக் காட்டியது.

"பக்கத்துல தப்பா வந்திருக்கு, அதான் கேக்கறேன்."

"எங்ககிட்ட இருக்கறதுதான் அதுலயும் வரும். போய் உக்காருங்கம்மா, எல்லாரும் இப்படி வந்து நின்னா நான் எப்ப வேலை பாக்கறது?"

தான் எழுதிய வாசகத்திடம் என்ன வாதாடுவது? திரும்பி வந்தார். அப்போது மணி பத்து பத்து. இந்த மணிக்கணக்கைப் பிற்பாடு அவர் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை.

வரிசையின் கோடியில் தொப்பி வைத்த ஒரு பெரியவர் தன் ஃபோனைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். 1E4 என்று தட்டினால் பதிவு இல்லை என்று வருகிறதாம். மனைவி உள்ளே இருக்கிறாள், நான்தான் கொண்டுவந்து விட்டேன், எப்படி இல்லாமல் போவாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பூட்டக்காவின் நடை நின்றது. அவருக்கு எதிரே குழந்தையோடு இருந்த பெண்ணிடம் எண் கேட்டார். 3C6. சரியாக வருகிறது. அடுத்தவர் 1A5. சரி. அதற்கடுத்தவர் 3E1. காலையில் உள்ளே போன தம்பி 'காத்திருப்பில்' என்றே வருகிறதாம். கூடம் முழுக்க ஒவ்வொரு நாற்காலியாகக் குனிந்து கேட்டுக்கொண்டே போனார். சிலர் எதற்கு என்று முறைத்தார்கள். ஒருவர் விற்பனைக்கு வந்தவர் என்று நினைத்து வேண்டாம் என்றார். A, B, C, D எல்லாம் சரி. E மட்டும் ஒன்றும் சரியில்லை.

ஆபீஸ் ஃபோன் அடித்தது பத்து முப்பதுக்கு. எடுத்தது நான்.

"தம்பி, 2E2 போட்டுப் பாரு. பழைய எண் எடுக்குற ஃபங்ஷன் என்ன குடுக்குதுன்னு பாரு." மூச்சு வாங்கியது. நடந்துகொண்டே பேசுகிறார் என்று தெரிந்தது.

தட்டினேன். மறுபடி ஒரு தடவை தட்டினேன்.

"என்ன வருது?"

"இருநூறுக்கா."

அந்தப் பக்கம் நடை நின்றது.

விஷயம் இதுதான். வந்தது பழைய எண்ணா, புது எண்ணா என்று அறிய, இது எண் மாதிரி இருக்கிறதா என்று பக்கம் முதலில் கேட்கும். 3B4 எண் இல்லை, 17 எண். ஆனால் கணக்கில் E என்ற எழுத்துக்கு ஒரு வேலை உண்டு. 2E2 என்றால் இரண்டும் பின்னால் இரண்டு சுழிகளும், அதாவது இருநூறு. விஞ்ஞானிகள் பெரிய எண்களை எழுதும் முறை அது. மொழிக்கு அது தெரியும், ஆஸ்பத்திரி தெரியாது. அதனால் E பிளாக் படுக்கைகள் எல்லாம், அந்தக் கட்டடம் வந்த மூன்று வருடமாகப் பழைய எண்களின் வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அங்கே யாரும் எதையும் மாற்றாததால், உள்ளே போன எழுத்தே அப்படியே வெளியே வந்து, தற்செயலாகச் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முந்தின நாள் அந்த வாசலில் பூட்டக்கா இன்ட் என்று எழுதிவிட்டார். பழைய எண்தானே, எண் என்று அறிவித்தால் என்ன? கண்டிப்பு வரி இருந்திருந்தால் எழுத்து வருகிறது என்று பக்கம் நின்று கத்தியிருக்கும். அது இல்லாததால் மொழி மரியாதையாக 2E2-வை இருநூறாக்கி அனுப்பிவைத்தது. பழைய இருநூறாம் படுக்கைக்காரர் முந்தின நாளே வீட்டுக்குப் போய்விட்டார். 3E1 முப்பதானது. 1E4 பத்தாயிரமானது. அத்தனை படுக்கை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? பன்னிரண்டு எண்கள் கொண்ட அந்தத் தாளை எழுதியபோது E பிளாக்குக்கு அஸ்திவாரமே தோண்டவில்லை.

"இன்ட்டை எடுத்துட்டு ஸ்ட்ரிங்னு போடு. ஏத்திடு" என்றார்.

மாற்ற எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஏற்றுவதற்கு மேனேஜரின் அனுமதிச் சாவி வேண்டும். மேனேஜர் டீ குடிக்க இறங்கியிருந்தார், ஃபோன் மேசையிலேயே அடித்தது. சொன்னேன். ஃபோன் துண்டிக்கப்படவில்லை, ஆனால் அவர் அதைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல. துணி உரசும் சத்தம். நாற்காலி நகரும் சத்தம். பிறகு, நான்கு வருடமாகப் பக்கத்து மேசைக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில் பேசிய அந்த மனுஷி கத்தியது என் காதில் விழுந்தது.

"E பிளாக்காரங்க எல்லாரும் எழுந்து வாங்க. ஃபோனைப் பாக்காதீங்க, அது பொய் சொல்லுது. சன்னலுக்கு வாங்க."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஐம்பதும். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று பல தடவை சொல்லியிருக்கிறார், அன்றுதான் கேட்டேன்.

சன்னலில் நர்ஸ் எழுந்து நின்று ஏதோ திட்ட ஆரம்பித்து, ஏழு பேர் மொத்தமாக வந்து நிற்பதைப் பார்த்து நிறுத்தினாராம். பூட்டக்கா கண்ணாடியில் கை வைத்து, பக்கத்தை எழுதினது நான்தான், E பிளாக்குக்கு அது தப்பாகக் காட்டுகிறது, யாரையெல்லாம் கூப்பிட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றாராம். நர்ஸின் முகம் மாறியது. கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தார். 1E4, ரத்தம் ஏற்றக் கையெழுத்து, ஐந்து நிமிஷம் முன்னால். தொப்பிக்காரர் கையை நீட்டினார். 3E1, ஒன்றுமில்லை, ஆள் வார்டுக்கு வந்தாயிற்று. 2E2.

"ரெண்டு E ரெண்டு, பத்து இருபதுக்குக் கூப்பிட்டோம். மூணு தடவை அழுத்தினேன். சீட்டுல இருந்த நம்பருக்கும் அடிச்சேன், சுவிட்ச் ஆஃப்."

சீட்டில் அண்ணன் எழுதிக்கொடுத்தது தன் நம்பரை. அது அண்ணியின் பைக்குள் அணைந்து கிடந்தது.

டாக்டர் வெளியே வரும்போது பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். காதுக்குள் இருந்த சீழைச் சுத்தம் செய்தாகிவிட்டது, ஆபத்து ஒன்றும் இல்லை என்று முதலில் அதைச் சொன்னார். உள்ளே இருக்கும் குட்டி எலும்பு அரித்துப் போயிருந்ததாம். கையோடு செயற்கை எலும்பு வைத்துவிடலாமா என்று வீட்டாரைக் கேட்கத்தான் கூப்பிட்டாராம். சம்மதம் இல்லாமல் வைக்க முடியாது, திறந்த காதோடு கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கவும் முடியாது. மூடிவிட்டேன், ஆறு மாதம் கழித்து வாருங்கள், கேட்கும் சக்தி அப்போதுதான் திரும்பும் என்றார். அவர் குரலில் குறை சொல்லும் தொனிகூட இல்லையாம். அதுதான் தாங்கவில்லை என்றார் பூட்டக்கா.

ஆறு மாதம் கழித்து. ஒரே தடவை என்று சொன்ன ஆள்.

மாலை நான்கு மணிக்கு அண்ணனுக்குத் தெளிந்தது. தலையைச் சுற்றிக் கட்டு. பூட்டக்கா நல்ல காது இருக்கும் பக்கமாகப் போய் நின்று, அண்ணி தடுக்கத் தடுக்க, எல்லாவற்றையும் சொன்னார். இன்ட், முக்காற்புள்ளி, இருநூறு, அணைந்த ஃபோன், கால் மணி நேரம். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார், வண்டிக்குக் காது கொடுப்பதுபோல. முடிந்ததும் கேட்டார்.

"மூணு வருஷம் ஓடிட்டுத்தானே இருந்துச்சு?"

"ஆமாண்ணே."

"அப்புறம் ஏன் பாப்பா கையை வெச்சே?"

"தப்பா வந்துடுமோன்னு பயமா இருந்துச்சுண்ணே."

முப்பத்தேழு வயதுப் பாப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அண்ணி மெல்ல எடுத்துச் சொன்னதற்கு, அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார்.

லீவு முடிந்து வந்த அன்று மேனேஜர், ஏற்றியாகிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது, யாரும் புகார் தரவில்லை, விட்டுவிடுங்கள் என்றார். பூட்டக்கா விடவில்லை. அந்தக் காலையில் E பிளாக்கில் யாருக்கு என்ன தப்பாகக் காட்டியது, யார் எத்தனை நிமிஷம் தாமதமானார்கள் என்று ஏழு பேருக்கும் தனித்தனியாக எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மேனேஜர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: கண்டிப்பு வரியோடு முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதித் தர வேண்டும், ஏற்றும் நாளில் உங்கள் ஆள் ஒருவர் கூடத்தில் இருக்க வேண்டும். முப்பது இடம் நின்றது முப்பத்தெட்டானது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். சுவரிலிருந்த தாள் மூன்று தாளாகியது. ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு படுக்கையும் அதில் இருந்தது.

அந்த மாதங்களில் அவர் படியிறங்கி இரண்டு தடவை திரும்பி வந்தார், சில நாள் மூன்று. பட்டறைக்கு வாரம் தவறாமல் போனார், ஆனால் காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க உரிமையில்லை என்று நினைத்தார் போல. அண்ணனும் பேசவில்லை. வண்டியைச் சுற்றி வந்து இடது காதைக் காட்டுவார். தங்கை நிற்பதைக் கண்டால் பார்க்காததுபோல ஸ்பேனரைத் தேடுவார். ஆறாம் மாதம் முடிந்தது. ஏழாம் மாதத்தில் ஒரு மத்தியானம் பூட்டக்காவின் ஃபோன் அடித்தது. அவர் வழக்கம்போல எழுந்து நின்று எடுத்தார்.

அண்ணன் ஸ்பீக்கரில் கத்துவதுபோலத்தான் எப்போதும் பேசுவார். எனக்கே கேட்டது. "அந்த லிஸ்ட்ல என் படுக்கையைச் சேத்துட்டியா?"

"சேத்துட்டேண்ணே."

"போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தனை தடவை?"

பூட்டக்கா சுவரிலிருந்த மூன்று தாளையும் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு எஞ்சின் அணைந்தது.

"சரி, தேதி வாங்கு. அதே படுக்கையா கேளு. வண்டி எங்க நின்னுச்சோ அங்கிருந்துதான் தள்ளணும். சீட்டுல உன் நம்பரைத்தான் எழுதப் போறேன். நீ ஃபோனை நோண்டிட்டு உக்காராதே, சன்னல்லயே நில்லு."

ஆபரேஷன் அன்றைக்குத்தான் புதுப் பக்கத்தையும் ஏற்றினோம். கூடத்தில் இருக்க வேண்டிய ஆள் என்று மேனேஜர் என்னை அனுப்பினார். மடியில் லேப்டாப்போடு தூணோரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணி முதல் வரிசையில் பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார், இந்தத் தடவை இரண்டு ஃபோனும் உயிரோடு. பூட்டக்கா சன்னலுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றார். நர்ஸ் இரண்டு தடவை உட்காரச் சொன்னார், மூன்றாம் தடவை தானே உள்ளிருந்து ஒரு ஸ்டூலை நீட்டினார். ஸ்டூலை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நோட்டீஸ் அப்படியே இருந்தது, ஆனால் அதன் கீழே யாரோ பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: சந்தேகம் இருந்தால் கேட்கவும். கையெழுத்து எனக்குத் தெரிந்ததுதான்.

அண்ணன் ஒன்பதரைக்கு உள்ளே போனார். பதினொன்றுக்குப் பக்கம் 'அறுவை அறையில்' என்றது. பதினொன்றரைக்கும் அதுவே. பூட்டக்கா ஃபோனைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். பதினொன்று நாற்பதுக்கு நர்ஸ் கம்ப்யூட்டரில் எதையோ அழுத்திவிட்டு எழுந்தார். பூட்டக்கா எதிரிலேயே நிற்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கூடத்தின் கடைசிச் சுவர்வரை கேட்கும்படி தொண்டையைத் திறந்தார்.

"ரெண்டு E ரெண்டு."

ஐம்பது நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லாரும் பாதி எழுந்தார்கள், நானும். அண்ணி முழுதாக எழுந்து ஓடி வந்தார். எலும்பு வைத்தாயிற்று, கண்காணிப்பு அறைக்கு மாற்றுகிறோம் என்று நர்ஸ் சொல்வது எனக்குக்கூடக் கேட்டது. பூட்டக்காவின் கையிலிருந்த ஃபோனில் சிவப்புப் பட்டை வந்தது. அவர் அதைப் பார்த்தார். நர்ஸை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு E ரெண்டுதானே?" என்று கேட்டார்.